மாட்டுத் தொட்டிக்கு ஓட்டு

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீடுகளில் அடுப்பு எரியும். நூடுல்ஸ், சீஸ், கோழி எல்லாம் சேர்த்து வேகவைத்து, பாத்திரத்தின் அடியில் தங்கள் பேரை ஒட்டி, வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். என் தம்பி லைலின் மகன் ட்ரென்ட் ஃபுட்பால் பயிற்சியில் விழுந்து செத்தபோது, லைல் வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் போதாமல் என் வீட்டுக்கும் பாத்திரங்கள் வந்தன. அவ்வளவு நல்ல ஜனங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவர்களைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்ல எனக்கு மனசு வராது.

அது ஆகஸ்ட் மாதம். மிசௌரி வெயில். எங்கள் ஊர் ஃபுட்பாலுக்கு வேண்டிய தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, கோச் ஸ்டக்கி விசில் அடிக்க அடிக்க ஓடினான் பையன். உடம்பு கொதித்துச் சுருண்டு விழுந்தான். மரத்தடியில் படுக்கவைத்து ஈரத்துண்டு போட்டுவிட்டு, பக்கத்து டவுனிலிருந்து வரவேண்டிய ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தார்கள். உடனே ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை முக்கி வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பிறகு சொன்னார். அதற்கென்று தனியாக ஒரு கருவியும் வேண்டாமாம். மாடு தண்ணீர் குடிக்கிற தகரத் தொட்டியே போதுமாம். எங்கள் ஊரில் அது இல்லாத பண்ணை கிடையாது. பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை.

பையனின் அம்மா ரோண்டா அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். பயிற்சி நடக்கும் இடத்தில் ஐஸ் போட்ட தொட்டி இருக்க வேண்டும், அது இல்லாமல் பையன்களை ஓடவிடக் கூடாது, இதை விதியாக எழுதுங்கள் என்று பள்ளி வாரியக் கூட்டத்தில் போய்க் கேட்டாள். வாரியத் தலைவர் கர்ட் டீட்மர் விதை வியாபாரி. இனிக்க இனிக்கப் பேசுவார். பரிசீலிக்கிறோம் என்றார். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார். பனி விழுந்து உருகியும் பரிசீலனை முடியவில்லை. ஏப்ரலில் கர்ட்டின் இடத்துக்குத் தேர்தல் வந்தது. எதிர்த்து நிற்கப்போவதாக ரோண்டா சொன்னாள்.  என் தம்பிக்கு எப்போதுமே வாயில் கொழுக்கட்டைதான்.

இந்த ஊரில் தேர்தல் என்றால் பலகைதான். ஆதரவு தருகிறவர்கள் வீட்டுப் புல்தரையில் வேட்பாளர் பேர் போட்ட பலகையைக் குத்தி வைப்பார்கள். அச்சுக்கடைக்காரன் ஒரு யோசனை சொன்னான். பேருக்குக் கீழே ட்ரென்ட் சட்டையில் போட்டு விளையாடிய எண் 54-ஐயும் போட்டால் என்ன? ரோண்டா சரி என்றாள். அந்த எண்ணைப் பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்திருக்கும், பாவம்.

பலகைகள் பறந்தன. நானும் அவளும் காரில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். யாரும் மறுக்கவில்லை. மிஸஸ் ஓப்ரெக்ட் வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, ரெண்டு பலகையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கோச் வீட்டுக்கு அடுத்த வீட்டிலும் ஒன்று நின்றது. கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, மகன் செத்தபின் முதல்முறையாக ரோண்டா முழுத்தட்டுச் சாப்பாடு சாப்பிட்டாள்.

"ஜெயிச்சிருவோம் போல இருக்கே, டோரீன்" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தேர்தலுக்கு முந்தின வாரம் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் வேட்பாளர்கள் பேசும் கூட்டம் நடந்தது. ஆப்பிள் பை, காபி எல்லாம் உண்டு. கோச் ஸ்டக்கி முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஊருக்கு மாநிலக் கோப்பை வாங்கிக் கொடுத்த மனுஷன். வரிசை வரிசையாக அவரிடம் ஆடியவர்கள்தான் கூடம் முழுவதும்.

கர்ட் எழுந்தார். ட்ரென்ட் ஊருக்கே பிள்ளை என்றார். ஐம்பத்து நாலாம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பள்ளிக்கூட ஜிம் சுவரில் மாட்டப்போகிறோம் என்றார். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. என் தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். குழந்தையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறான் பார் இந்தக் கர்ட் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோண்டா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் கேட்டாள்.

"சட்டைய மாட்ட சுவர் இருக்கு. தொட்டி வைக்க இடம் இல்லையா, கர்ட்?"

"வைக்கலாம்மா, யாரு வேணாம்னா? ஆனா விதின்னு எழுதினா, அன்னிக்கு யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு ஆயிடும். அப்படியா சொல்ற?"

எல்லோரும் கோச்சின் முதுகைப் பார்த்தார்கள். ரோண்டா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் அவள் பக்கம். அது அவளுக்கும் தெரியும்.

"ஆமா, அப்படித்தான் சொல்றேன். தொட்டி இல்லாம ஓட விட்டது தப்பு. ஸ்டக்கி அழுதத நானும் பாத்தேன். அழுதுட்டா தப்பு இல்லன்னு ஆயிடுமா?"

 ஒவ்வொருவராகக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது வண்டியில் லைல் வாயைத் திறந்தான். "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்ல" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனாலும் ஒரு பலகைகூட இறங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஏமாந்தோம். வாக்கு எண்ணி முடித்தபோது, அவளுக்கு விழுந்த ஓட்டைவிட ஊரில் குத்தியிருந்த பலகைகள் அதிகம்.

தோற்றவர்கள்தான் தங்கள் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும், அது இங்கே வழக்கம். நானே போய்விட்டு வருகிறேன் என்றேன், ரோண்டா கேட்கவில்லை. மிஸஸ் ஓப்ரெக்ட் வீட்டில் அவள் பலகையில் கை வைத்ததும் அந்தம்மா ஓடிவந்தாள்.

"எடுக்காதம்மா ரோண்டா. அவன் பொறந்தநாள் வரைக்குமாவது இருக்கட்டும்."

"எனக்கு ஓட்டுப் போட்டீங்களா?"

அந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. கண் கலங்கிவிட்டது. "ஓட்டு வேற, இது வேறம்மா. ஸ்டக்கியும் நம்ம புள்ளதானே, அவன எப்படிக் கொலகாரன்னு சொல்றது? இத நான் ட்ரென்ட்டுக்காக வெச்சேன்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வாசலில் வைத்துவிட்டுப் போன சாப்பாடும் புல்தரையில் நின்ற பலகையும் இவர்களுக்கு ஒன்றுதான். துக்கம் விசாரித்தாயிற்று, அதோடு முடிந்தது. ரோண்டா பலகையை அங்கேயே விட்டுவிட்டு வந்து காரில் ஏறினாள். அதன்பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

ஜூலையில் பண்ணைச் சாமான் கடைக்குப் போய் அவளே ஒரு தொட்டி வாங்கினாள். விதி வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இதை மைதானத்தின் ஓரத்தில் வைத்தால் போதும் என்று பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கர்ட் நன்றி சொல்லி, அவளோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்டில், புது சீசனுக்கு முன்னால், ஊர் முன்னிலையில் பையன்கள் இரண்டாகப் பிரிந்து ஆடிக்காட்டும் நாள் வந்தது. டிக்கெட் கிடையாது. வீட்டுக்கு ஒரு கட்டு சோடா கொண்டுவர வேண்டும், அதை விற்று டீமுக்குக் காசு சேர்ப்பார்கள், அவ்வளவுதான். போக வேண்டாம் என்றேன். தொட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றாள்.

மைதானத்தின் ஓரத்தில் தொட்டி இல்லை. ரோண்டா வேகமாகத் தேடிக்கொண்டு போனாள், நான் பின்னாலேயே ஓடினேன். தொட்டி அந்தக் கோடியில், தின்பண்டக் கடை வாசலில் இருந்தது. 54 என்று பெரிதாக வர்ணம் அடித்திருந்தார்கள். உள்ளே விளிம்புவரை ஐஸ் தண்ணீர், அதில் சோடா டின்கள் மிதந்தன. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் மிஸஸ் ஓப்ரெக்ட்.

"பாத்தியாம்மா, நீ குடுத்தது எவ்ளோ உதவியா இருக்கு" என்றாள்.

ரோண்டா முட்டி போட்டு உட்கார்ந்தாள். டின்களை விலக்கிவிட்டு முழங்கைவரை கையை உள்ளே விட்டாள். எடுக்கவே இல்லை. கை சிவந்துபோயிற்று. போதும் எழுந்திரு என்று தோளைத் தொட்டேன்.

"இவ்ளோ குளிர் போதும், டோரீன்" என்றாள். "இதே போதும்னுதான் டாக்டர் சொன்னாரு."

மிஸஸ் ஓப்ரெக்ட் குனிந்து ஒரு டின்னை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் துடைத்து நீட்டினாள். "எடுத்துக்கம்மா. உன்கிட்டப் போய் காசு வாங்குவோமா?"

கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கினால் நன்றி சொல்ல வேண்டும். எங்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். ரோண்டா ஈரக்கையால் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள்.

மைதானத்தின் எதிர்க்கோடியில் ஸ்டக்கி விசில் அடித்தார். பையன்கள் மறுபடியும் ஓட ஆரம்பித்தார்கள்.