சத்தமில்லாத ஒன்பது நிமிடம்

ஐலீன் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வேலைச் சீருடையிலேயே மகளின் கண்காட்சிக்குப் போனாள். ஷர்மைன் ஜொகூர் பாருவில் கலைக்கல்லூரி மாணவி. இறுதியாண்டுக்காக ஒரு வீடியோ செய்திருந்தாள். எதைப் பற்றி என்று எத்தனை முறை கேட்டாலும், "வந்து பாருங்க மா" என்பதோடு சரி.

இருட்டறைச் சுவர் முழுக்க ஐலீனே நின்றாள். பேரங்காடியின் வாசனைத் திரவியக் கடை, பதினொரு வருடமாக அவள் நிற்கும் அதே மேசை. எதிர்க் காப்பிக்கடையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். போகிறவர்கள் அவளுக்குப் பின்னால் ஒளிரும் விளம்பரப் பெண்ணைப் பார்க்கிறார்கள், பிறகு அவளை, பிறகு வேறெங்கோ. சிலருடைய கண் அவள் சட்டைப் பொத்தானிலேயே நின்றுவிடுகிறது. மூன்று மாதம் எடுத்ததை ஒன்பது நிமிடமாக வெட்டியிருந்தாள் மகள். சத்தமே இல்லை.

பிறகு அந்த வெள்ளைச் சட்டைக்காரன் வந்தான். மாதிரி போத்தலை நீட்டிய அவள் மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான். விடவில்லை. ஐலீன் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை ஷர்மைன் மெதுவாக்கி, சுவர் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கியிருந்தாள்.



"பாவம்லா, பழகிப்போச்சு அவங்களுக்கு," என்றாள் ஒரு மாணவி, இருட்டில் பக்கத்தில் நிற்பது யாரென்று தெரியாமல்.

ஷர்மைன் ஓடி வந்தாள். "எப்படி மா இருக்கு? லெக்சரர் ரொம்ப பாராட்டுனாங்க."

"நீ அங்கதான் இருந்தியா?"

"எதிர்க்கடையில. சொல்லியிருந்தா நீங்க நேச்சுரலா இருக்க மாட்டீங்கல்ல?"

"அவன் என் கையப் பிடிச்சப்ப நீ அங்க இருந்தே."

ஷர்மைன் விழித்தாள். "நீங்க சிரிச்சீங்களே மா."

"சூப்பர்வைசர் பக்கத்துல நின்னாங்க. கஸ்டமர்கிட்ட மூஞ்சியக் காட்டக்கூடாது. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னேன், விடுங்க, வலிக்குதுன்னு. மூணு தடவ சொன்னேன்."

அந்தக் காட்சியை எத்தனை நூறு முறை ஓட்டி ஓட்டி வெட்டியிருப்பாள் ஷர்மைன். உதடுகள் அசைந்ததை ஒரு தடவைகூட அவள் கவனிக்கவில்லை.

வீடியோ முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நிறுத்திடவா மா?"

 வெள்ளைச் சட்டைக்காரன் மேசையை நெருங்கிக்கொண்டிருந்தான்.

ஷர்மைன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சுவரை நோக்கி ஓடி, படத்துக்குக் குறுக்கே நின்றாள். புரொஜெக்டர் ஒளியில் நீண்ட அவன் கை அவள் முதுகின்மேல் விழுந்தது. அதற்கு மேலே, சுவரில், அவளுடைய அம்மா உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.