மொன்வெராக்கின் இரண்டாவது மணி

எட்டாவது அடியும் அடித்து ஓய்கிறது, தேவாலயக் கோபுரத்துப் புறாக்கள் எழும்பிப் போய்த் திரும்பவும் அதே இடத்தில் வந்து குந்துகின்றன, எதிர்வீட்டு மதாம் ஒதெத்தின் யன்னல் பலகைக் கதவு இன்னும் திறக்கவில்லை, ஏழு மணிக்கே திறக்கிற கதவு, மூன்று வருடமாக ஒருநாளும் பிந்தாத கதவு, இது என்ன புதுத் தந்திரம் என்று திரைக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். இந்த மொன்வெராக் ஊர் மணி எப்போதும் இரண்டு தரம் அடிக்கும், ஒருமுறை அடித்து, இரண்டு நிமிடம் விட்டு, அதே எண்ணிக்கையை மறுபடியும் அடிக்கும், வயலில் நின்று முதலாவதை எண்ணத் தவறியவர்களுக்காக அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடாம், நான் நம்பவில்லை, தன் மணியையே இன்னொருதரம் சரிபார்க்கிற ஊர் என்னை எத்தனை தரம் சரிபார்க்கும் என்றுதான் வந்த முதல் நாளே நினைத்தேன்.

வந்த முதல் நாள், என் ஊர்க்காரர் யோகராசா அண்ணை, தன் பெயரில் வாடகைக்கு எடுத்த இந்த நீலக் கதவு வீட்டின் திறப்பை என் கையில் வைக்கிறார், அகதிக் கேஸ் ரெண்டு தரமும் ரிஜெக்ட் ஆன ஆளுக்குப் பரிஸ் சரிவராது தங்கச்சி, இஞ்ச பொலிஸ் இல்லை, ஆனா சனத்தின்ர கண் இருக்கு, உம்மட நிழலையும் எண்ணுவாங்கள், கவனம், என்கிறார், கோடைக்கு வருகிறவர்கள் தங்கும் வீடுகளைக் கழுவித் துடைக்கிற வேலையும் அவர் பிடித்துத் தந்ததுதான். அந்தக் கோடைக்காரரைக் கூட்டிக்கொண்டு திரிகிற வழிகாட்டிப் பெண் கடைசியாக என் யன்னலுக்குக் கீழேதான் வந்து நிற்பாள், அவள் ஒப்புவிப்பதைக் கேட்டுக் கேட்டே என் பிரெஞ்சு வளர்ந்தது, அதனால் ஒழுங்காகப் பாண் வாங்கப் பழகுமுன்பே எனக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று சொல்ல வரும், சந்தை மண்டபத்தின் ஓக் மரத் தூண்கள், ஆற்றோரத்தில் பெண்கள் துணி துவைத்த கல்தொட்டி, முதலாம் உலகப் போரில் போய்த் திரும்பாதவர்களின் பெயர் வெட்டிய கல், அதில் ஒரே குடும்பப் பெயர் நாலு தரம், அந்தக் கல்லின் முன்னால் மட்டும் எனக்கு இந்த ஊர்மேல் சந்தேகம் வராது, நானும் அப்படிப் பெயர்களை எண்ணியவள்தான். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, நாற்பத்து மூன்றில், ஜெர்மன்காரர் காலத்தில், இந்த நீலக் கதவு வீட்டில் ஒரு யூதத் தையற்காரரும் மனைவியும் ஒளிந்திருந்தார்கள், ஊரில் யாரோ ஒரு கடிதம் எழுதினார்கள், ஒரு விடியலில் இருவரையும் கொண்டுபோய்விட்டார்கள், எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது, என்பாள், உடனே எல்லாத் தலைகளும் அக்கம்பக்கத்து யன்னல்களை நோக்கித் திரும்பும், என் தலையும்தான், மதாம் ஒதெத்தின் யன்னலை நோக்கி.

ஏனென்றால் அவர் எழுதுகிறவர். எண்பது தாண்டிய தனி மனுசி, காலையில் பலகைக் கதவைத் திறந்ததும் என் யன்னலைப் பார்ப்பார், கண்ணாடியைப் போடுவார், பச்சை நிறக் கொப்பி ஒன்றில் ஏதோ குறிப்பார், தெருவில் கண்டால் மழை வரும்போல இருக்கிறது மதாம் என்பார், இன்றைக்கு மழையைப் பற்றிப் பேசுகிறவர் நாளைக்கு விசாவைப் பற்றிக் கேட்பார் என்று நான் சிரித்துக்கொண்டே விலகுவேன். போன மாசியில் காய்ச்சலில் ஒருநாள் முழுக்கக் கதவு திறக்காமல் கிடந்தேன், யாரோ தட்டினார்கள், விடாமல் தட்டினார்கள், பொலிஸ்தான் என்று அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் குந்தியிருந்தேன், பிறகு பார்த்தால் வாசற்படியில் ஒரு பானை சூப், உள்ளே ஆள் இருக்கிறதா என்று அறிய வைத்த இரை என்று தோன்றியது, சூப்பை ஊற்றிவிட்டுப் பானையை வெளியே வைத்தேன், மறுநாள் பானை இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா சொல்வாள், அம்மாவுக்கென்ன, அவளிடம் யாரும் காகிதம் கேட்டதில்லை.

இப்போது போய்த் தட்டினால், உள்ளே ஏதாவது ஆகியிருந்தால், தீயணைப்புக்காரரைக் கூப்பிட வேண்டும், இங்கே விழுந்தவரைத் தூக்கவும் அவர்கள்தான் வருவார்கள், வந்தால் பெயர் கேட்பார்கள், பெயரின் பின்னால் காகிதம் கேட்பார்கள், காகிதத்தின் பின்னால் விமானம் நிற்கும், அவர் தூங்கட்டும், கிழவிகள் தூங்குவதில்லையா, இல்லை, தூங்குவதில்லை. அன்றைக்குக் கடிதம் எழுதியவர் ஒருவர்தான், எழுதாத மற்ற எல்லாரும் இப்படித்தான் திரைக்குப் பின்னால் நின்றிருப்பார்கள், என்று நினைக்கிறேன், இரண்டாவது மணி தொடங்குகிறது, மூன்றாவது அடிக்குப் படியில் நிற்கிறேன், ஆறாவதுக்கு வெறுங்காலோடு தெருவைக் கடக்கிறேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. சமையலறைத் தரையில் ஒரு கால் மடங்கிக் கிடந்தார், கண் திறந்திருந்தது, நான் முதலில் பார்த்தது அவரை அல்ல, மேசைமேல் இருந்த கொப்பியை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவர் கிடக்க நான் பக்கம் புரட்டினேன். திகதி, ஏழு பத்து, திறந்தது, திகதி, ஏழு இருபது, திறந்தது, பக்கம் பக்கமாக அதுவேதான், மாசியில் ஒருநாள், திறக்கவில்லை, தட்டினேன், சூப் வைத்தேன், மறுநாள், திறந்தது, அடியில் இரண்டு கோடு. தரையிலிருந்து அவர் மெல்லச் சொன்னார், தையற்காரரைக் கொண்டுபோனபோது எனக்கு ஏழு வயது, உங்கள் வீட்டுக் கதவு மூன்று நாள் திறக்கவில்லை, அந்தப் பக்கம் பார்க்காதே என்று அம்மா சொன்னாள், நானும் பார்க்கவில்லை. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே தொலைபேசியில் தீயணைப்புக்காரரின் இலக்கம் பதினெட்டை அழுத்தினேன்.

வந்தார்கள், தூக்குபடுக்கையில் வெளியே எடுக்கும்போது ஒன்பது அடிக்கத் தொடங்கியது, எங்களைக் கூப்பிட்டது யார், உங்கள் பெயர் என்ன மதாம் என்று ஒருவர் தாளில் பேனையை வைத்துக்கொண்டு நின்றார், அந்தத் தாள் எங்கெங்கே போகும் என்ற சந்தேகம் எனக்கு வராமல் இல்லை, புறாக்கள் எழும்பின, மதாம் ஒதெத் படுத்தபடியே என் நீலக் கதவைத் தேடித் தலையைத் திருப்பினார், அது திறந்துதான் இருந்தது. ஒன்பதாவது அடி ஓய்ந்தது, இரண்டாவது மணி அடிக்க முன்பே, அப்பாவின் பெயரோடு சேர்த்து, என் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.