மூச்சுக்குழாய்

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு அறை இருந்தது. சேலையூர்ப் பக்கம் தரைக்கு மேலே ஒழுங்காக ஒரு அறை கட்டவே ஜனங்கள் திணறிக்கொண்டிருந்த காலத்தில், என் வீட்டுக்காரர் பாலகுரு தரைக்குக் கீழே கட்டினார். ஆசைப்பட்டுக் கட்டியதல்ல. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவர் வாங்கிப் போட்ட மனை, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். அதை நிரப்புகிற செலவில் இன்னொரு மனையே வாங்கிவிடலாம் என்று தெரிந்ததும் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு கம்பெனியில் யாரோ சொன்னார்களாம், பள்ளத்தை எதற்கு நிரப்புகிறாய், அதையே ஒரு ரூம் ஆக்கிவிடு என்று. அன்றைக்கு மறைமலை நகரிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஞானா, நமக்கு அண்டர்கிரவுண்ட் ரூம் வருது!" என்றார். ஏதோ பங்களா கட்டப்போகிறவர் மாதிரி. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பள்ளத்தின் ஒரு மூலையில் பழைய வயல் கிணறு ஒன்று இருந்தது. மனை போட்டவர்கள் கல்லையும் குப்பையையும் கொட்டித் தூர்த்திருந்தார்கள். அதற்கு மேல்தான் எங்கள் தளம் வர வேண்டும். எத்திராஜ் மேஸ்திரி அந்த மூலையில் குந்தி உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

"கெணத்த அப்டியே மூடக்கூடாது சார். அதுக்கும் மூச்சு கீது. ஒரு பைப்பு வெச்சி உட்டுடணும்."

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கிணற்றை மூடினால் எல்லோரும் செய்வதுதான். மூச்சு முட்டிய கிணறு அந்த வீட்டில் பிள்ளை தங்கவிடாது என்பார்கள். எனக்கு ஏற்கெனவே இரண்டு கலைந்திருந்தது. எங்களுக்குப் போய் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமா? தளம் போட்டபோது, கையை உள்ளே விடுகிற அகலத்தில் ஒரு குழாய், தரையிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. அனகாபுத்தூரிலிருந்து வந்த என் நாத்தனார் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அவர் பெயர் பாப்பா. பெயர்தான் பாப்பா, வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

கோடையில் அந்த அறை சொர்க்கம். மே மாத வெயிலில் தாம்பரமே வெந்துகொண்டிருக்க, நாங்கள் கீழே போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினோம். கம்பெனி ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவார். "ஏசி இல்லாத ஏசி சார்" என்பார். அவர்களும் தலையாட்டிவிட்டு என் காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

மழை வந்ததும் சொர்க்கத்தின் சாயம் வெளுத்தது. சுவர் வியர்த்தது. பூச்சு பொருபொருவென்று உதிர்ந்தது. அரிசி மூட்டையில் பூசணம், பட்டுப்புடவையில் பூசணம், பீரோவுக்குப் பின்னால் பச்சையாக ஏதோ வளர்ந்தது. அந்த வாடை படியேறி சமையல்கட்டு வரைக்கும் வந்தது. எனக்கு இளைப்பு பிடித்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு இழுப்பேன். அவர் பாவம், முதுகைத் தடவிக்கொண்டே, "அடுத்த மழைக்குள்ள சரி பண்ணிடலாம்" என்பார்.

சரி பண்ணவும் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அடுத்த வருஷம் ஆவணி பிறந்ததும் எத்திராஜ் ஆட்களோடு வந்தார். உள்பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார்கள். சிமெண்டில் வாட்டர்புரூஃப் பவுடர் கலந்து ஒன்றுக்கு இரண்டாகப் பூசினார்கள். வெளியே சுவரை ஒட்டி மண்ணைத் தோண்டி, தாரைக் காய்ச்சி அடித்தார்கள். சுவரும் தரையும் சேருகிற மூலையெல்லாம் கலவையை வைத்து உருட்டி விட்டார்கள். விரலால் தட்டினால் கல் மாதிரி சத்தம் வந்தது. பாக்கி இருந்தது அந்தக் குழாய் ஒன்றுதான். அதையும் கலவை போட்டு அடைத்துவிடலாம், இத்தனை நாள் மூச்சு விட்டது போதும் என்று இவரும் மேஸ்திரியும் முடிவு செய்திருந்தார்கள்.

அந்த வாரம்தான் நான் மாசமாக இருப்பது தெரிந்தது.

செய்தி கேட்டு எத்திராஜுக்கு சந்தோஷம். கூடவே கரணையைத் தண்ணீரில் கழுவிக் கீழே வைத்துவிட்டார்.

"இனிமே அதுல நான் கை வெக்கமாட்டேன் சார். மாசமா கீற வூட்ல கெணத்த மூடுனா ஒண்ணு புள்ள போவும், இல்லாங்காட்டி அப்பன் போவான். அக்கா நல்லபடியா பெத்து எடுக்கட்டும். அப்பால வந்து நானே அடைச்சுக் குடுக்கறேன்."

மறுநாளே நாத்தனார் வந்து இறங்கிவிட்டார். "அந்தப் பைப்பு பக்கம் எவனும் போவக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சொன்னது வேறு. இந்த நிலைமையில் இளைப்பு வந்தால் குழந்தைக்கும் மூச்சு போதாது, ஈரமே ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவையாவது தங்க வேண்டுமே என்று நான் உட்காருவதற்கும் எழுந்திருப்பதற்கும் பயந்துகொண்டிருந்தேன். சுவரெல்லாம் அடைத்துவிட்டு நடுவில் ஒரு ஓட்டையை விட்டால் தண்ணீர் எந்த வழியாக வரும்? இதற்கு என்ன படிப்பு வேண்டும்?

"அடைச்சிடுங்க. குழந்தைக்காகத்தான் சொல்றேன்" என்றேன்.

"நானும் குழந்தைக்காகத்தான் சொல்றேன் ஞானா. பிறக்கட்டும், மறுநாளே அடைச்சிடலாம்."

"என் வயித்துல இருக்கிறதுக்கு என்ன வேணும்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர் பயந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். போன இரண்டு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதவர் அவர். அந்தக் குழாயை ஒருவேளை அடைத்து, ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால், காலம் முழுக்க அவர் தன்னையே திட்டிக்கொண்டு கிடப்பார். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பேய் மழை. ரோடு எது, ஏரி எது என்று தெரியவில்லை. கீழறையின் சுவர்களில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. எத்திராஜ் வேலை அவ்வளவு சுத்தம். முன்பெல்லாம் சுவர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது மொத்தமாக அந்த ஒரு குழாய் வழியாகப் பொங்கியது. முதலில் குழாயின் வாயில் பளபளவென்று நின்றது, பிறகு வழிந்தது, பிறகு கொப்பளித்துக்கொண்டு வந்தது. இவர் பக்கெட்டில் மொண்டு மொண்டு ஊற்றினார். மொள்ள மொள்ள வந்தது. ஐந்து படிக்கட்டு மூழ்கிவிட்டது. வாடை மேலே ஏறி, எனக்கு மறுபடியும் இழுக்க ஆரம்பித்தது. நான் சமையல்கட்டுத் தரையில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அடைங்க, அந்த எழவை அடைச்சுத் தொலைங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டதென்று பின்னால் சொன்னார்கள்.

அவர் கோணிச் சாக்கையும் தேங்காய் மட்டையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, மூழ்கி, குழாயின் வாயில் திணித்தார். அம்மிக் குழவியை மேலே நிறுத்தி, காலால் மிதித்து இறுக்கினார். கொப்பளிப்பது நின்றுபோனது. நனைந்த தலையோடு என்னைப் பார்த்து, "நின்னுடுச்சு ஞானா! நின்னே போச்சு!" என்று சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

அன்றைக்குக் காலையில்தான் கரண்ட் திரும்பி வந்திருந்தது. தேங்கி நிற்கிற தண்ணீரை இறைத்துவிடலாம் என்று, எதிரே வீடு கட்டிக்கொண்டிருந்த குப்புராஜிடம் மோட்டார் கேட்டு வாங்கி வந்தார். அதைத் தண்ணீருக்கு மேலே இருந்த படியில் வைத்தார். ஹாலிலிருந்து வயர் இழுத்து, முறுக்கி, டேப் சுற்றினார். மேலே வந்து அவரே ஸ்விட்ச் போட்டார். மோட்டார் ஓடியது, தண்ணீர் எடுக்கவில்லை. "காத்து வாங்குது" என்று சொல்லிக்கொண்டு, ஓடுகிற மோட்டாருக்குச் சொம்பில் தண்ணீர் ஊற்றப் போனார். கால் தண்ணீருக்குள் இருந்தது. கையை மோட்டார் மேல் ஊன்றினார்.

சத்தம்கூடப் போடவில்லை. சொம்பு மட்டும் படியில் உருண்டது. அவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீருக்குள் போனார். நான் படியில் ஓடியிருப்பேன், என் கத்தல் கேட்டு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். யாரோ மெயினை அணைத்தார்கள். குப்புராஜும் இன்னும் இரண்டு பேரும் அவரைத் தூக்கி வந்து ஹாலில் கிடத்தியபோது அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் மிச்சமிருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நான் பார்த்தேன்.

எடுத்துப் போவதற்குள்ளேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. கிணற்றின் மூச்சை அடைத்தான், அவன் மூச்சு அடங்கிப் போச்சு. அடைக்கச் சொன்னது யார்? அவள்தான். நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினாளே. எத்திராஜ் மேஸ்திரி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் அப்பவே சொன்னேன் சார், அப்பவே சொன்னேன்" என்று பிணத்தோடு பேசினார். நாத்தனார் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். நடுவில் நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார். அந்தப் பார்வையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் காரியம் முடிகிற வரைக்கும், முடிந்த பிறகும், வந்தவர்கள் எல்லோரும் கிணற்றைப் பற்றித்தான் பேசினார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அப்படித்தானோ என்று ஆகிவிட்டது. குழந்தை உள்ளே உதைக்கும்போதெல்லாம் சந்தோஷம் வரும், உடனே ஒரு பயம் வரும். நீதானா, நானா, யாராலடா உங்கப்பா போனார் என்று வயிற்றிடம் கேட்டிருக்கிறேன். பெற்றவள் கேட்கிற கேள்வியா அது?

பங்குனியில் ஆண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. நல்ல குரல். வார்டில் அருள்மேரி என்று ஒரு நர்ஸ், கொஞ்சம் சிடுசிடுப்பு. பதிவுக்காக விவரம் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அப்பா பேரு?"

"பாலகுரு. இறந்துட்டார்."

பேனா நின்றது. "எப்படிம்மா?"

அத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. "கரண்ட் அடிச்சு" என்றேன். தண்ணீரையும் மோட்டாரையும் சொன்னேன்.

"என் வீட்டுக்காரர் ஈபில லைன்மேன். இதே மாதிரி நிறையச் சொல்வார். எர்த் குடுத்திருந்தாங்களா மோட்டாருக்கு?"

"இல்ல சிஸ்டர். ரெண்டு வயர்தான் இழுத்தார்."

"அதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குக் காய்ச்சல் பார்க்கப் போய்விட்டார்.

அதான். அவ்வளவுதான். நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன், அவர் செத்த அன்றைக்கும் அப்படி அழவில்லை. மூன்றாவதாக ஒரு வயர். அதைக் கேட்க அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. நாங்கள் எல்லோரும் கிணற்றுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். ஒரு கையில் முறம், இன்னொரு கையில் மஞ்சள் பையில் தவிடு. எனக்குப் புரிந்துவிட்டது. ஆகாத பிள்ளை என்றால் முறத்தில் கிடத்தி, தவிட்டுக்கு விற்றதாக வேறு ஒருத்தி கையில் கொடுத்து வாங்குவார்கள். அதோடு தோஷம் கழிந்துவிடும்.

"பேருக்குத்தான் ஞானா" என்றார். குரல் கெஞ்சலாகத்தான் இருந்தது. "வெளிய ஒருத்திய நிக்கவெச்சிகிறேன். அவ வாங்கிகினு உடனே திருப்பிக் குடுத்துடுவா. அப்பன முழுங்கன தோசம் இவன் தலைல நிக்கக்கூடாது பாரு. என் தம்பி புள்ள நல்லா இருக்கணும்னுதான்டி சொல்றேன்."

"இவன் யாரையும் முழுங்கல அண்ணி. மோட்டாருக்கு எர்த் போடல. அதனாலதான் செத்தார்."

"எர்த்துன்னா இன்னா?"

"ஒரு கம்பி. மண்ணுல புதைக்கிறது. கரண்ட் ஆள் மேல பாயாம மண்ணுக்குப் போயிடும். அதை அவர் போடல."

அவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பிள்ளையையே பார்த்தார். கண்ணைத் துடைத்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அந்தக் குப்புராஜு வூட்ல அதே மோட்டாருதான் ஓடிச்சி. அவனுந்தான் எர்த்து போடல. ஊர்ல எத்தினி வூட்ல போடாம ஓட்றாங்க" என்றார் மெதுவாக. "அவங்க யாரும் சாவலியே ஞானா. என் தம்பி மட்டும் ஏன் செத்தான்?"

அவர் முறத்தில் தவிட்டைக் கொட்டிப் பரப்பி, இரண்டு கையையும் நீட்டினார். நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை.