நாரிக்குழாய்

அருளம்பலத்தாரின் மரக்கண்டுத் தோட்டத்தில் நாங்கள் ஆறு பெண்கள். விடிந்தால் குனிவோம், பொழுதுபட்டால் நிமிர்வோம். மண் நிரப்பிய பைகளில் ஒவ்வொன்றாகக் குழி பறித்துப் பப்பாசிக் கண்டும் தேசிக்காய்க் கண்டும் நட வேண்டும். அச்சுவேலிச் சந்தையில் கண்டு வாங்குகிறவர்களுக்கு எங்கள் இடுப்பு முறிகிற நாரி நோவு எங்கே தெரியப்போகிறது?

என் நாரி போன மாரி மழையோடு விட்டுப்போயிற்று. குனிந்தால் நிமிர ஏலாது. வேலையை விடவும் ஏலாது. அம்மாவும் நானும் சாப்பிடுவது இந்தக் கூலியில்தான்.

கரண்ட் நின்றதிலிருந்து எங்கள் கிணற்றடியில் தண்ணீர்ப் பம்பின் குழாய் சும்மா கிடந்தது. அதை இடுப்பளவுக்கு அறுத்து, பக்கத்தில் ஒரு கூர்க்கம்பைக் கட்டினேன். நின்றபடியே கம்பால் பையில் ஒரு குத்து. குழாயின் வாயைக் குழியில் வைத்துக் கண்டைப் போட்டால் நேரே உள்ளே போய் நிற்கும். பிறகு கம்பால் மண்ணை அணைத்துவிட்டால் சரி.

“உதென்னடி குணம், உலக்கைக்குப் பிறந்த பிள்ளையோ?” என்று சிரித்தார் செபஸ்தியம்மாக்கா. எங்களில் மூத்தவர், முழங்கால் வீங்கினவர். அதைப் பற்றி முதலாளியிடம் ஒருநாளும் மூச்சு விட்டதில்லை. மறுநாள் அவரே, “எனக்கும் ஒண்டு அறுத்துத் தாவன்” என்று வந்து நின்றார். நாரிக்குழாய் என்று பேர் வைத்ததும் அவர்தான். பம்புக் குழாய் மூன்றுக்குத்தான் போதுமாக இருந்தது. மாறி மாறிப் பிடித்தோம். முழுநாள் வேலை மத்தியானத்தோடு முடிந்தது.

முதலாளி சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார். “நல்ல மிச்சம், பிள்ளை. வேலை நல்ல மிச்சம்.”

அந்த மனுசன் வாயில் நல்ல வார்த்தை வருவதே அருமை. எனக்கு வாயெல்லாம் பல்.

“மூண்டு குழாய்க்கு மூண்டு பேர் காணும்,” என்றார். “நாளையிலை இருந்து மற்ற மூண்டு பேரும் மிச்சம்.”

விரலை நீட்டினார். முதல் விரல் என் பக்கம். செபஸ்தியம்மாக்கா பக்கம் அது திரும்பவேயில்லை.

“நான்தானே முதலாளி உதைச் செய்தனான்?”

“ஓம் பிள்ளை, ஆர் இல்லையெண்டது? உனக்கு நாரி ஏலாதெல்லே. சுகமான ஆக்கள் பிடிச்சா இன்னும் கெதியா முடியும்.”

எனக்குக் கோபம் வந்தது. என் கிணற்றடிக் குழாய்! நேரே செபஸ்தியம்மாக்காவிடம் போய்க் கையை நீட்டினேன்.

“தாங்கோ அக்கா. மூண்டையும் கொண்டு போறன். என்னெண்டு நடுகினம் எண்டு பாப்பம்.”

அவர் தரவில்லை. இரண்டு கையாலும் குழாயை இறுக்கிப் பிடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ரை முழங்காலடி, குணம்,” என்றார்.

முதலாளி சொன்னபோது விழாத அடி அப்போதுதான் விழுந்தது. வெறுங்கையோடு திரும்பினேன்.

கிணற்றடியில் அம்மா வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, மத்தியானத்தோடை வந்திட்டாய்?”

“வேலை மிச்சம், அம்மா.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியே, எல்லாம் உன்ரை குழாயாலை! அப்ப நாளைக்கும் இப்பிடி வேளைக்கு வந்திடுவாய்தானே?”