சொல்லிப் பார்த்தல்

எங்கள் வீட்டில் யாரும் எந்தத் தேர்விலும் தவறியதில்லை. மருமகளும் இந்த வீட்டுப் பெண்தான்.

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயர்நிலைச் செவிலியர். மருந்து எழுதவும் குழாய் செருகவும் டாக்டரைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தலைமைச் செவிலியருடன் உட்கார்ந்து, அடுத்து எதைக் கற்பது என்று திட்டம் போடுவாள். போன ஆண்டு இதய ஸ்கேன். இந்த ஆண்டு நுரையீரல் ஸ்கேன் கேட்டிருக்கிறாள். கிடைக்கவில்லை.

"என்னதான் சொன்னாங்க?" என்றாள் என் தங்கை.

"கை பழகிடுச்சாம். வாய்தான் பழகலையாம்," என்றாள் மருமகள்.

"இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டா வாய் எப்படிப் பழகும்? அண்ணன் எதிர்ல கொட்டாவி விடவே உத்தரவு வாங்கணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். தங்கை தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நடந்தது இதுதான். சென்ற மாதம், வார்டில் ஒரு பையன் இறந்துபோனதை அவன் தாயிடம் மருமகள் சொல்ல வேண்டியிருந்தது. நாடி, ரத்த அழுத்தம், கருவி என்று சுற்றி வளைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தத் தாய், "அப்போ எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?" என்றாளாம். இவளால் அதற்குமேல் முடியவில்லை. வேறொருவர் வந்து சொல்லியிருக்கிறார். அதனால் இந்த ஆண்டுத் திட்டத்தில் ஒன்றே ஒன்றுதான்: இறப்பைச் சொல்லப் பழகுவது. தேறாவிட்டால், டாக்டரைக் கேட்காமல் செய்யும் தனிப்பொறுப்பு போய்விடும்.

"யாரையாவது எதிர்ல உக்கார வெச்சுப் பழகணும் மாமா. கூட வேலை பாக்கறவங்ககிட்ட கேக்கலாம்னு..."

"வெளியாளுங்க எதுக்கு? நான் உக்காரறேன்."

அவள் தடுமாறுவதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

போனை அணைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு கெட்ட செய்தி சொல்லணும். உங்க பையன்..." நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். "உங்க பையனைக் கொண்டு வந்தப்பவே நாடி ரொம்ப..."

"நாடியை விடும்மா. அன்னைக்கு எனக்குப் போன் பண்ணினியே, அப்பவும் நீ சொல்லலை. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு மட்டும் சொன்னே. நான் அவனுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வந்தேன்."

அவள் முகம் வெளுத்தது. மகன் போன இந்த இரண்டு வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் குறையாகச் சொல்லவில்லை.

"இப்ப சொல்லு," என்றேன்.

என் கண்ணைப் பார்த்தாள்.

"உங்க பையன் இறந்துட்டார், மாமா."

குரல் பிசகவில்லை. சொன்னபின், எதிரில் இருப்பவர் பேசும்வரை செவிலியர் பேசக் கூடாது என்பது விதியாம். தேறிவிடுவாய் அம்மா என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வரவில்லை. உள்ளே தட்டு கழுவிக்கொண்டிருந்த தங்கை குழாயை மூடிவிட்டாள்.

மருமகள் காத்திருந்தாள்.