ராஜுவின் பேரில் எங்கள் வீடு

என் கணவர் சிவானந்தனைப் போல ஒரு மூடனை நான் கண்டதில்லை. அதை வாய்விட்டுச் சொல்வதற்கு எனக்கு நாற்பது வருடமும் ஒரு வீடும் செலவாகிவிட்டன.

லண்டன் கிங்ஸ்பரியில் எங்களுக்கு மூன்று அறை வீடு ஒன்று இருந்தது. அவர் தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் அடித்தும் நான் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவியும் வங்கிக் கடனைக் கட்டி முடித்த வீடு. அதைவிட வேறு சொத்து எங்களுக்கு இல்லை.

எங்கள் ஒரே மகன் ஆரணன் கட்டியது இந்தோனேசியக்காரி ஒருத்தியை. பெயர் யூலி, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. சீதனமும் இல்லை, சாதகமும் பார்க்கவில்லை என்று இவர் அவர்களுடைய பதிவுக் கலியாணத்துக்கே போகவில்லை, என்னையும் போக விடவில்லை. இரண்டு வருடம் கழித்து, மகன் கெஞ்சியதால், யூலியின் தாய் தகப்பனைப் பார்க்க ஜகார்த்தாவுக்குப் போனோம். அங்கேதான் சனி பிடித்தது.

நகரத்துக்கு வெளியே, வயலை நிரவி வரிசை வரிசையாகப் புது வீடுகள் கட்டியிருந்தார்கள். கேற், பூங்கா, கடை, பக்கத்தில் வரப்போகும் ரயில் ஸ்ரேசன். கேற்றில் நின்ற காவலாளி எங்கள் காரைக் கண்டதும் சல்யூட் அடித்தான். இவருக்குப் பிறந்ததிலிருந்து ஒருவரும் சல்யூட் அடித்ததில்லை. அந்த ஒரு சல்யூட்டிலேயே மனுசன் மயங்கிவிட்டார்.

லண்டனுக்குத் திரும்பியதும் ஒரே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் சாப்பிட வந்தபோது மேசையில் வீட்டுப் படங்களைப் பரப்பினார்.

"இந்த வீட்டை வித்தால் அங்கை ராசா மாதிரி இருக்கலாம். ரெண்டு மாடி. வேலைக்கு ஆள் வைக்கலாம்."

மாமா, மாமி என்ற இரண்டு சொல்லைத் தவிர யூலி எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்றைக்கு நிதானமாக விளக்கினாள். அங்கே வெளிநாட்டுக்காரருக்கு முழுச் சொந்தமாக வீடு வாங்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குப் பாவிக்கும் உரிமைதான் கிடைக்கும். அதையாவது மாமாவின் சொந்தப் பேரில் எடுக்கலாம். அதற்கு முன் கிங்ஸ்பரி வீட்டை விற்காமல், ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது.

"பாவிக்கிற உரிமையோ?" என்று இவர் சிரித்தார். "நான் என்ன கக்கூசே வாங்கிறன்? ஃப்ரீஹோல்ட் இல்லாட்டி அது வீடே இல்லை."

லண்டனில் எங்கள் ஆட்களுக்கு ஃப்ரீஹோல்ட், அதாவது நிலத்தோடு முழுச் சொந்தம், என்பது ஐந்தெழுத்து மந்திரம் மாதிரி. கலியாண வீட்டில் பெண்ணைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் விசாரிப்பார்கள்.

"அப்ப யூலியின்ர பேரில வாங்கலாம்தானே?" என்றான் ஆரணன்.

அதற்கும் அவள்தான் வேண்டாம் என்றாள். வெளிநாட்டுக்காரனைக் கட்டியவள் என்பதால், அப்படி வாங்குவதென்றால் அவளும் ஆரணனும் சொத்தைப் பிரித்து ஒப்பந்தம் எழுத வேண்டுமாம். அதன்பின் வீடு முழுக்க அவளுடையது, மாமாவுக்கு ஒரு செங்கல்லும் சொந்தமில்லையாம். "உங்கள் வாழ்நாள் உழைப்பை அப்படி என்னிடம் தரக்கூடாது" என்றாள்.

அவர்கள் போனதும் இவர் என்னைப் பார்த்தார். "பாத்தீரே? வேண்டாம் வேண்டாமெண்டு ஆழம் பாக்கிறாள்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம், கள்ளி. நாளைக்குப் பெடியனை விட்டிட்டுப் போனாளெண்டால் வீடும் போயிடும். அவளின்ர பேர் மட்டும் வேண்டாம்." இவரை மூடன் என்று சொல்லும் வாய்தான் இதையும் சொன்னது.

பிறகு வாட்ஸ்அப்பில் ராஜு வந்தான். இந்தோனேசியாவிலேயே, மேடானில் பிறந்த தமிழன், ஜகார்த்தாவில் வீட்டுத் தரகன். வீடியோவில் நெற்றி நிறையத் திருநீறு, முதுகுக்குப் பின்னால் முருகன் படம்.

"அண்ணே, நம்ம ஆளுங்களுக்கு நாமதானே செய்யணும்? வீடு என் பேர்ல சும்மா இருக்கும். நீங்கதான் ஓனர்னு தனியா எழுதிக்குவோம்."

"என்ன மரியாதையான பெடியன்!" என்று இவர் உருகினார். நான் அவன் நட்சத்திரத்தைக் கேட்டேன். உத்தரட்டாதி என்றான். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்து, பிரசாதத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். சொந்த மருமகளுக்கு ஒரு நாளும் செய்யாத அர்ச்சனை.

கிங்ஸ்பரி வீடு எங்கள் இரண்டு பேர் பேரிலும் இருந்தது. என் கையெழுத்து இல்லாமல் அதை விற்றிருக்க ஏலாது. நான் கையெழுத்து வைத்தேன்.

அந்தக் காசில் ராஜுவின் பேரில் வாங்கிய புது வீட்டில் எட்டு மாதம் இருந்தோம். இவர் அங்கேயும் கிங்ஸ்பரி முதலாளிதான். முன் முற்றத்துப் புல்லைக் கிளறி எறிந்துவிட்டு, லண்டனில் செய்தது போலச் சீமெந்து போட்டார். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் போகும் என்று பக்கத்து வீட்டு மனுசி கையாலும் காலாலும் காட்டிப் பார்த்தாள். "வயலுக்கை இருந்ததுகளுக்கு என்ன தெரியும்?" என்றார். டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். அந்த மனுசிதான் வாளியோடு வந்து இறைத்தாள், சாப்பாடும் கொண்டுவந்தாள். அவள் பெயரை நாங்கள் கேட்கவும் இல்லை.

பெப்ரவரியில் ராஜு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வீட்டை விற்றுவிட்டானாம். அவர்கள் சுவரை அளந்தார்கள்.

"தம்பி, இது என்ர வீடு," என்றார் இவர்.

"பத்திரத்தில என் பேருதானே இருக்கு, அண்ணே?" என்றான் அவன். அப்போதும் மரியாதை குறையவில்லை.

தனியாக எழுதிய கடதாசியைத் தூக்கிக்கொண்டு பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் ஓடினோம். சட்டத்துக்கு ஒளித்து எழுதிய ஒப்பந்தம் எழுதாததற்குச் சமம் என்று அவர் திருப்பித் தந்தார். வழக்குப் போட இவருக்குக் காசும் இல்லை, முகமும் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் யாரிடம் போய் முறையிடுவான்?

இப்போது திரும்பவும் லண்டனில், டூட்டிங்கில் இருக்கிறோம். கலியாணத்துக்கு முன்பே யூலி தன் சம்பளத்தில் வாங்கிய ஃப்ளாட். ஒரே ஒரு படுக்கையறை. அதை எங்களுக்கு விட்டுவிட்டு அவளும் ஆரணனும் முன்னறை சோபாவில் படுக்கிறார்கள். 'நான் அப்போதே சொன்னேன்' என்று அவள் ஒரு தரம் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் சொல்லவேயில்லை.

இவரோ போனில் எல்லோருக்கும், "மகன்ர வீட்டில கொஞ்ச நாளைக்கு நிக்கிறம்" என்று அளக்கிறார். கேட்கக் கேட்க எனக்கு அருவருப்பாக இருக்கும்.

போன கிழமை, அரசாங்கத்தின் பெனிபிட் காசுக்கு விண்ணப்பிக்க ஒரு படிவம் வந்தது. இனி அந்தக் காசு வந்தால்தான் எங்களுக்கு மருந்தும் பஸ்ஸும். ஆரணன் வேலையில். யூலி குசினியில் கோழி வெட்டிக்கொண்டிருந்தாள். இவர் பேனாவோடு மேசையில் இருந்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

"இஞ்சரும், நாங்கள் இருக்கிற வீட்டின்ர சொந்தக்காரருடைய முழுப் பேர் கேட்கினம்."

"யூலியின்ர பேரைப் போடுங்கோ."

"யூலி… பிறகு என்ன?"

எனக்கும் தெரியாது. ஐந்து வருடத்து மருமகள். கூப்பிடுவதற்கு அந்த இரண்டு எழுத்து போதும் என்று இருந்துவிட்டோம்.

"ஆரணனுக்கு போன் அடிச்சுக் கேளும், அவளுக்குக் கேளாமல்," என்று இவர் குசுகுசுத்தார்.

அவளுக்குக் கேட்டுவிட்டது. எங்கள் குசுகுசுப்பு விளங்கும் அளவுக்கு அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேனாவை வாங்கி எழுதினாள். படிவத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, திரும்பக் கோழி வெட்டப் போனாள்.

மூன்று சொல்லில் அவளுடைய முழுப் பேர், நீளமாக. அதை எப்படிச் சொல்வது என்று அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.