டைகரின் முதல் எலும்பு

1

இந்தக் கதை எதிர்வீட்டிலிருந்து எடுத்தது. மறைக்க விரும்பவில்லை. அங்கே பூங்கோதையும் அவள் கணவன் திருமாலும் இருக்கிறார்கள். அவள் விருத்தாசலத்துப் பொம்மைக் கம்பெனி ஒன்றில் அச்சுகளில் பீங்கான் கூழ் ஊற்றுகிறாள். அவன் பெண்ணாடத்துக்கு லோடு வண்டி ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வாசலில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நடந்தது கால் மணி நேரம். எழுத ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது.

2

முதல் தொடக்கம்: ‘இந்த ஊரில் சூளைகள் அணைவதே இல்லை...’

(அடித்துவிட்டேன். பொய். நாய்க்குட்டிக்கும் சூளைக்கும் சம்பந்தமும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘திருமால் ஒரு கொலை செய்தான்.’

(விறுவிறுப்பாக இருக்கிறது. நியாயமாக இல்லை.)

நியாயமாகச் சொன்னால் இப்படி. கார்த்திகையில் அவர்களிடம் ராணி என்றொரு குட்டி இருந்தது. திருமால் பிரியாணி வாங்கிவந்து, கோழிக்கால் எலும்பைத் தன் கையாலேயே ஊட்டினான். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும் என்று அவனுக்குத் தெரியாது. குடலில் குத்தி, மூன்றாம் நாள் ராணி செத்துப்போனது. அதற்குப் பிறகு அவன் எலும்போடு கறி தின்று நான் பார்க்கவில்லை.

3

டைகர் பிறகு வந்த குட்டி. நாலு மாதம். பல் முளைக்கிற அரிப்பில் செருப்பு, கதவுநிலை, என் செய்தித்தாள் எல்லாவற்றையும் கடித்தது. பூங்கோதை கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

“வேக வெச்சதுதான் எமனாம் சார். பச்சையா குடுக்கணுமாம். தலையவுட பெருசா இருக்கணும், அப்பதான் முழுங்க முடியாது. பத்து நிமிஷத்துல திரும்ப வாங்கிடணும், அதுவரைக்கும் கூடவே ஒக்காந்திருக்கணும்.”

கறிக்கடையில் ஆட்டு நெஞ்செலும்பு கேட்டாளாம். கடைக்காரர் கத்தியைத் தூக்கியதும், “வெட்டாதீங்க, முழுசா குடுங்க. கொழந்தைக்கு” என்றாளாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எலும்போடு வந்ததும் திருமால் வண்டிச் சாவியை எடுத்தான்.

“வேணாம் கோத. என்னால பாக்க முடியாது.”

“பாக்க வேணாங்க. இங்கயே நில்லுங்க, போதும்.”

அவன் சுவரைப் பார்த்து நின்றான்.

4

அவள் சாக்கை விரித்து எலும்பை வைத்தாள். டைகர் முகர்ந்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது. பிறகு முன்னங்கால் இரண்டாலும் எலும்பை அழுத்திக்கொண்டு, தலையை ஒருக்களித்து, கடைவாயில் கொடுத்துக் கடித்தது.

அது ஒரு

(உவமை வரவில்லை. மூன்று போட்டுப் பார்த்தேன், மூன்றும் பொய்.)

காலால் அழுத்தினால் எலும்பு உருளாது என்று அதற்கு யார் சொன்னது? தலையைச் சாய்த்தால்தான் கடைவாய்க்கு எட்டும் என்று? கண் திறக்கும் முன்பே தாயைப் பிரிந்த குட்டி அது. நேற்றுவரை பால்சோறு. யாரும் கற்றுத்தராத ஒன்று, மனிதர்களுக்கு முந்திய ஏதோ ஒன்று, தெருக்குழாய்க்கு எதிரே, சாக்கின் மேல் நடந்துகொண்டிருந்தது. குடத்தோடு போனவர்கள்கூட நின்றார்கள். குருத்தெலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டுத் திருமால் திரும்பினான். பார்த்தான். மெல்ல வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“பத்து நிமிஷம் ஆயிடுச்சுங்க” என்றாள் பூங்கோதை.

அவன் கை நீட்டியதும் டைகர் உறுமியது. பிறந்ததிலிருந்து முதல்முறை.

(ஒரு வரைவில் இங்கே அது அவனைக் கடித்தது. ரத்தம் எழுதுவது சுலபம்.)

“புடுங்காதீங்க. இதக் காட்டுங்க.” அவள் ஈரல் துண்டு ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

டைகர் எலும்பைப் பார்த்தது. ஈரலைப் பார்த்தது. அவன் முகத்தைப் பார்த்தது. கடைசியில் எலும்பை விட்டுவிட்டு, அந்தக் கையிலிருந்து, தோலில் பல் படாமல், ஈரலை எடுத்துக்கொண்டது. ராணிக்கு ஊட்டிய அதே கை.

5

(கவலைப்படுகிறவர்களுக்காக: டைகருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஒழுங்காக வெளிக்குப் போனது. பூங்கோதை பின்னாலேயே போய்ப் பார்த்துவந்து தெருவுக்கே சொன்னாள்.)

முடிவுதான் பாக்கி. எலும்பு கிடந்த இடத்தில், சாக்கின் மேல், ஒரு பால்பல் கிடந்தது. அரிசிக் குருணை அளவு. பூங்கோதை எலும்பை எடுத்துக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ உள்ளே போயிருந்தாள். திருமால் அதை விரல்நுனியில் ஒற்றி எடுத்தான். வெயிலில் பிடித்து, வெகுநேரம் பார்த்தான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான்.

அவள் வந்தாள். டைகரின் வாயைத் திறந்தாள். ஈறின் இடைவெளியில் புதுப்பல்லின் முனை தெரிந்தது.

“ஐயோ, பல்லு வுழுந்திருக்குது!” சாக்கை உதறினாள். மண்டியிட்டுத் தேடினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “சார், நீங்க இங்கயேதான இருந்தீங்க? பல்லு எங்க போச்சுன்னு பாத்தீங்களா?”

நான் மூன்று பதில் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். திருமால் வண்டியில் ஏறிவிட்டான், இன்னும் கிளப்பவில்லை. அவள் கேட்டுவிட்டு நிற்கிறாள். நீங்களும் பார்த்தீர்கள்தானே, சொல்லுங்கள்.